புதியது முதலில் பொதி சுமக்கட்டும்!

கூடுவாஞ்சேரியிலிருந்து கல்லூரி மாணவர் சிலர் நமக்கொரு மடல் தீட்டியிருக்கின்றனர். பொத்தேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நாள்தோறும் மின்சார ரயிலேறிப் படிக்கப் போகும் பிள்ளைகள். அவர்களிடையே மூண்ட வாதம் மூன்று வாரமாகியும் ஓயவில்லையாம். 2040-இல் இந்தியர் ஒருவர் நிலவில் கால் பதிப்பார் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறதே, அந்தப் பயணத்துக்குக் கையில் இருக்கும் ராக்கெட்டையும் இயந்திரத்தையும் கொண்டே வழி காண்பதா, அல்லது அனைத்தையும் புதிதாகப் படைத்துக்கொண்டு புறப்படுவதா? ஒரு சாரார் பழையது போதும் என்கிறார்களாம். மறு சாரார் புதியது இன்றிப் பயணமே இல்லை என்கிறார்களாம். "உங்கள் ஏடு எந்தப் பக்கம்?" என்று கேட்டு மடலை முடித்திருக்கிறார்கள்.

நிலவைப் பாம்பு விழுங்குகிறது என்று சொல்லிக் கிரகண நாளில் சோற்றுப்பானையில் தர்ப்பை போட்ட நாடு இது. அந்த நாட்டில், அதே நிலவுக்கு எந்த இயந்திரத்தில் ஏறிப் போவது என்று இளைஞர்கள் ரயில் நிலையத்தில் நின்று வாதிடுகிறார்கள் என்றால், அதைக் கேட்டுப் பூரிக்காத நெஞ்சம் நமக்கில்லை. ஆகவே மழுப்பாமல் விடை தருகிறோம். மனிதனைச் சுமக்கும் வேலை பழையதற்கு. பாரத்தைச் சுமக்கும் வேலை புதியதற்கு. பாரத்தைப் பலமுறை சுமந்து பழகிய பின்னர் புதியதும் மனிதனைச் சுமக்கட்டும், மறுக்கவில்லை. இந்த முறைமை மாறினால் போவது பணம் மட்டுமல்ல, தம்பிகளே, உயிர்!

முதலில் கையிருப்பைக் கணக்கிடுவோம். எல்.வி.எம்.3 என்னும் ஏவுகலம் நம்மிடம் இருக்கிறது. ஏறத்தாழ 640 டன் எடை. பக்கத்துக்கு ஒன்றாகத் திட எரிபொருள் நிரம்பிய இரு பெரும் தூண்கள். நடுவே இரண்டு விகாஸ் இயந்திரங்கள் பூட்டிய திரவ எரிபொருள் கட்டம். உச்சியிலே திரவ ஹைட்ரஜனை எரிக்கும் சி.இ.20 என்ற கிரையோஜெனிக் இயந்திரம். 2014 டிசம்பர் 18-ஆம் நாள் அது சோதனைக்காகப் பறந்தபோதே, ஆளில்லாத கூண்டு ஒன்றை உயரக் கொண்டுபோய் விட்டது; கூண்டு பத்திரமாகக் கடலில் வந்து இறங்கிற்று. 2019-இல் சந்திரயான்-2, 2023-இல் சந்திரயான்-3 இரண்டையும் ஏற்றிச் சென்றதும் அதுவே. 2025 முடிய ஏவிய எந்த முறையும் அது நம்மைக் கைவிட்டதில்லை.

அதன் இயந்திரங்கள் எங்கே எரித்துப் பழக்கப்பட்டன? நெல்லைச் சீமையிலே, மகேந்திரகிரி மலையடிவாரத்திலே! பிரான்சு நாட்டு வைக்கிங் இயந்திரத்தின் நுட்பத்தை 1970-களில் பெற்று, அந்நாட்டுக்கே சென்று உழைத்துக் கற்றுவந்த நம் பொறியாளர்கள் உருவாக்கியது விகாஸ். 2021 ஜூலை 14 அன்று, மனிதரை ஏற்றும் ககன்யான் திட்டத்துக்காக, அந்த இயந்திரத்தை மகேந்திரகிரியில் 240 வினாடி இடைவிடாமல் எரித்துப் பார்த்தார்கள். சி.இ.20 இயந்திரம் மனிதரை ஏற்றும் தகுதித் தேர்வை 2024 பிப்ரவரியில் முடித்தது. மனிதருக்குத் தகுதி என்பது முத்திரை குத்தி வழங்கும் சான்றிதழ் அன்று. ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு குழாயும் வழக்கத்துக்கு மீறிய சூட்டிலும் அழுத்தத்திலும் நேரத்திலும் வாட்டி வதைக்கப்பட்டு, "இனி எங்கே உடையும் என்பது எங்களுக்குத் தெரியும்" என்று பொறியாளன் சொல்லும் நிலை அது. அந்த அறிவை விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுகள் கொடுத்துத்தான் பெற வேண்டும்.

அப்படியானால் பழையதே போதுமே என்று அவசரப்பட வேண்டாம். எண்கள் குறுக்கே நிற்கின்றன. சந்திரயான்-3 புறப்படும்போது அதன் எடை 3,900 கிலோ. அதில் நிலவில் இறங்கிய விக்ரம், உள்ளிருந்த உலாவியையும் சேர்த்து 1,752 கிலோ. 1969-இல் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் இறங்கிய கலமோ ஏறத்தாழ 15 டன்! நமது கலம் பூமியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உந்தி, நிலவின் தரையைத் தொட 40 நாள் ஆயிற்று. அப்போலோ-11 நான்கே நாளில் தொட்டது. இயந்திரம் 40 நாள் பட்டினி கிடக்கும்; மனிதன் கிடப்பானா? அவன் மூச்சு விடுவான், தண்ணீர் குடிப்பான், கழிவு கழிப்பான். இவை ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. பூமிக்கு அருகிலுள்ள பாதைக்கு எட்டுப் பத்து டன் தூக்கும் எல்.வி.எம்.3, தனியொரு தோளாக நின்று மனிதனை நிலவில் இறக்கி மீட்டு வர முடியாது. நிலவை நோக்கி 45 டன்னுக்கு மேல் தள்ளிய சாட்டர்ன்-5 பக்கத்தில் அது சிறுபிள்ளை.

ஆகவே புதியதும் வேண்டும். வேண்டும் என்பதால்தான் 2024 செப்டம்பர் 18-இல் ஒன்றிய அமைச்சரவை 8,240 கோடி ரூபாயில் அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 டன்னைப் பூமியை ஒட்டிய பாதைக்குத் தூக்கும், அடிக்கட்டம் திரும்பி வந்து மீண்டும் பறக்கும் என்கிறார்கள். அதற்கும் மேலே ஏறத்தாழ 80 டன் தூக்கும் நிலவு ஏவுகலம் ஒன்றைப் பற்றியும் இஸ்ரோ பேசியிருக்கிறது. நல்லது, நடக்கட்டும், வாழ்த்துகிறோம். ஆனால் புதியது என்றதும் நாடாள்வோருக்கு முதலில் நினைவுக்கு வருவது எது தெரியுமா? இயந்திரமல்ல, பெயர்! ககன்யான், வியோமமித்ரா, சூர்யா, பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன் என்று வடமொழிப் பேழையைத் திறந்து பெயர்களை வாரி இறைக்கிறார்கள். நெல்லையில் எரித்து, தமிழனும் தெலுங்கனும் மலையாளியும் கன்னடியனும் வியர்வை சிந்திப் பூட்டிய கலத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வாய்க்கவில்லை. விக்ரம் இறங்கிய இடத்துக்கு மூன்றே நாளில் 'சிவசக்தி' என்று பெயர் சூட்டி முடித்தார்கள். பெயர் வைக்க மூன்று நாள் போதும். இயந்திரம் செய்ய?

அதற்கு நமது சொந்த வரலாறே சாட்சி. 1991-இல் சோவியத் நிறுவனத்திடமிருந்து கிரையோஜெனிக் இயந்திரத்தையும் அதன் நுட்பத்தையும் பெற இஸ்ரோ உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா முறைத்தது, தடை விதித்தது. 1993-இல் ருசியா நுட்பம் தர மறுத்து, செய்து முடித்த கட்டங்கள் ஏழை மட்டும் தர இசைந்தது. சரி, நாமே செய்வோம் என்று நம்மவர் இறங்கினார்கள். ஹைட்ரஜன் திரவமாக வேண்டுமானால் சுழியத்துக்குக் கீழே 253 பாகை குளிர வேண்டும்; அந்தக் குளிரில் உலோகம் கண்ணாடிபோல் நொறுங்கப் பார்க்கும்; ஒரு முழம் தள்ளி எரியறையிலோ உலோகத்தை உருக்கும் வெப்பம். 2010 ஏப்ரல் 15-இல் முதன்முதலாக அதைப் பூட்டி ஏவிய ஜி.எஸ்.எல்.வி. வங்கக்கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-இல்தான் வெற்றி. ருசியா கைவிரித்ததிலிருந்து எண்ணினால் இருபது ஆண்டு! குமரி மாவட்டத்தில் பிறந்து, அந்தக் கிரையோஜெனிக் துறையிலேயே வளர்ந்து, 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பேற்ற வி. நாராயணனுக்கு இந்த இருபது ஆண்டின் கனம் தெரியும். செங்கோட்டையில் நின்று தேதி சொல்வோருக்குத் தெரியுமா?

வீண்பழி சுமத்தவில்லை நாம். 2018 ஆகஸ்டு 15 அன்று அங்கிருந்துதான் அறிவித்தார்கள், 2022-க்குள் இந்தியர் நமது கலத்தில் விண்ணேறுவார் என்று. 2022 வந்தது, போயிற்று. இந்தியர் விண்ணேறியது 2025 ஜூனில்; சுபான்சு சுக்லா ஏறிச் சென்றது அமெரிக்கக் கம்பெனியின் கலத்தில். தேதி தவறியதற்காக நாம் பொறியாளரைக் குறை சொல்ல மாட்டோம். தேதி தவறியது நன்மைக்கே என்றுகூடச் சொல்வோம். உயிர் காக்கும் காற்றோட்டக் கருவியை வெளிநாட்டார் தரவில்லை. அதையும் இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. ஆபத்து நேரத்தில் ஆட்களைப் பிய்த்துக்கொண்டு பறக்கும் அமைப்பை 2023 அக்டோபர் 21-இல் சோதித்தார்கள். இவற்றைச் செய்யாமல் தேதியைக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நடுங்குகிறது.

நிலவுக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போமே. அமெரிக்கர் எல்லாவற்றையும் எட்டே ஆண்டில் புதிதாகப் படைத்தனர் என்று கட்டியம் கூறுவோர் உண்டு. பாதிதான் உண்மை. சாட்டர்ன்-5 அடியில் ஐந்து எப்-1 இயந்திரங்கள் உறுமினவே, அவற்றின் வேலை கென்னடி 1961-இல் நிலவு பற்றி அறைகூவல் விடுப்பதற்கு முன்பே, 1950-களிலேயே விமானப்படைக்காகத் தொடங்கியிருந்தது. இயந்திரம் முந்தியது; முழக்கம் பிந்தியது. இங்கோ முழக்கம் முந்துகிறது. இன்னொன்றும் சொல்வர்: சாட்டர்ன்-5 மூன்றாம் முறை பறந்தபோதே மூவரை நிலவைச் சுற்ற அனுப்பினார்களே, 1968 டிசம்பரில், நாமும் அப்படித் துணிந்தால் என்ன? துணியலாம், அவர்களைப்போல் செலவழித்தால். 1966 வாக்கில் அந்நாட்டு மைய அரசு செலவிட்ட ஒவ்வொரு நூறு டாலரிலும் நான்கு டாலருக்கு மேல் நாசாவுக்குப் போயிற்று. அப்படிச் செலவழித்தும் 1967 ஜனவரியில், ராக்கெட் கிளம்பாமலே, தரையில் ஒத்திகை நடந்த கூண்டுக்குள் தீப்பற்றி கிரிசம், ஒயிட், சாபி மூவரும் மாண்டனர்.

சோவியத்துக் கதை இன்னும் கொடிது. நிலவுக்கென்று என்-1 என்ற மாபெரும் கலம் கட்டினார்கள். அடிக்கட்டத்தில் 30 இயந்திரங்கள். அத்தனையையும் சேர்த்துத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் மேடையை அவர்கள் கட்டவில்லை. பறக்கவிட்டே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை பறக்கவிட்டார்கள். நான்கு முறையும் நாசம். அதே நாட்டில், 1957-இல் ஸ்புட்னிக்கை ஏற்றிய ஆர்-7 என்ற பழைய கலத்தின் வாரிசுகள் ககாரினைச் சுமந்தன. 1984-இல் நமது ராகேஷ் சர்மாவைச் சுமந்தன. சோயூஸ் என்ற பெயரில் இந்த நூற்றாண்டிலும் மனிதரைச் சுமக்கின்றன. ஒரே நாடு, ஒரே பொறியியல் மரபு. ஒன்று சோதிக்கப்பட்டது, மற்றொன்று சோதிக்கப்படவில்லை, வேறுபாடு அவ்வளவே.

அப்படியென்றால் பழையதெல்லாம் பொன்னா? இல்லை. இந்த இடத்தில் கூடுவாஞ்சேரித் தம்பிகளில் பழைமைக் கட்சியினர் காது கொடுக்க வேண்டும். அமெரிக்கர் இந்த நூற்றாண்டில் எஸ்.எல்.எஸ். என்ற ராக்கெட்டைக் கட்டினார்கள். விண்ணோடத்தின் இயந்திரம் கையில் இருக்கிறது, திட எரிபொருள் தூண் கையில் இருக்கிறது, சீக்கிரமாகவும் மலிவாகவும் முடியும் என்று 2010-இல் தொடங்கினார்கள். 2016 முடிவில் பறக்க வேண்டியது 2022 நவம்பரில் பறந்தது. முதல் நான்கு பயணத்தில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் செலவாகும் என்று அவர்களுடைய தணிக்கையாளரே எழுதினார். விண்ணோடத்தில் திரும்பத் திரும்பப் பறந்து வந்த இயந்திரங்கள் நான்கை அந்த ஒரே பயணத்தில் கடலில் எறிந்தார்கள். பழைய பொருளை அதன் இயல்புக்கு மாறான வேலையில் பூட்டினால் இதுதான் கதி.

அந்தப் பயணத்தில் நிலவைச் சுற்றி வந்த ஓரியன் கூண்டின் வெப்பக் கவசம் வேறொரு பாடம். அப்போலோவில் பயன்பட்ட அதே பொருள்தான். ஆனால் செய்முறையை மாற்றி, கட்டி கட்டியாக வார்த்து ஒட்டினார்கள். நிலவிலிருந்து திரும்பும் கலம் வினாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பாய்கிறது. பூமியைச் சுற்றிவிட்டு இறங்கும் கலத்துக்கு எட்டுக்குள் அடங்கும். அந்தச் சூட்டில் உள்ளே பிறந்த வாயு வெளியேற வழியின்றித் திணறி, கருகிய துண்டுகளைப் பெயர்த்தெறிந்தது. பொருள் பழையது, கை புதியது; ஆகவே அது புதியதே. ஆளில்லாமல் பறந்ததால் அது ஆராய்ச்சிக் கட்டுரையாயிற்று; ஆள் இருந்திருந்தால்? நம் வீட்டிலும் பாடம் உண்டு. 1993 முதல் பறக்கும் பி.எஸ்.எல்.வி., நம்பிக்கைக்கு மறுபெயராய் விளங்கியது, 2025 மே 18-இல் தன் 63-ஆவது பயணத்தில் மூன்றாம் கட்டத்தில் தோற்றது. வயது காவல் அன்று, விழிப்பே காவல். (ஒவ்வொரு ஏவலுக்கு முன்னும் ராக்கெட்டின் சிறு உருவத்தைத் திருமலைக்குத் தூக்கிச் செல்லும் பெரியோர்கள் இதையும் நெஞ்சில் கொள்வது நலம். மூன்றாம் கட்டத்தைச் சோதிப்பது மலையில் அல்ல, மேடையில்.)

இனி நம் விடைக்கு வருகிறோம். 2025 ஜனவரி 16-இல் ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? ஸ்பேடெக்ஸ். இரு சிறு கலங்கள் விண்ணில் ஒன்றையொன்று தேடிப் பிடித்து இணைந்தன. ஏடுகள் ஒரு நாள் கொண்டாடிவிட்டு மறந்துபோயின. நமக்கோ அதுதான் நிலவுக் கதவின் திறவுகோல். ஒரே தோளில் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு தளர்ந்தது. அடுத்து வரும் சந்திரயான்-4, நிலவின் மண்ணை அள்ளிவர, இரண்டு எல்.வி.எம்.3 ஏவல்களில் தனித்தனியே போய் விண்ணில் சேரப்போகிறது. அதே வழியை நீட்டிப் பாருங்கள். நிலவுக்குப் போகும் பெருங்கலத்தையும் இறங்கு கலத்தையும் அவற்றின் எரிபொருளையும் புதிய ஏவுகலம் சுமந்து சென்று பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்தட்டும். வெடித்தால் உலோகம் வெடிக்கட்டும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, பழகிய எல்.வி.எம்.3 வீரர்களை ஏற்றிச் சென்று அங்கே சேர்க்கட்டும். 2030-க்குள் நிலவில் இறங்கத் துடிக்கும் சீனர்களும் ஆள் செல்லும் கலத்தைத் தனியாகவும் இறங்கு கலத்தைத் தனியாகவும் ஏவி நிலவருகே சேர்க்கத்தான் திட்டமிட்டுள்ளனர். அவர்களுடைய புதிய ராக்கெட்டின் அடியில் இருப்பதும் ஏற்கெனவே பறந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்தான்.

காட்டாங்குளத்தூர் மாணவர்களுக்கு இந்த முறை புதிதன்று. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கைகள் செய்த சிறு செயற்கைக்கோள் 2011 அக்டோபரில் விண்ணேறியது எதன் மீது? பழகிய பி.எஸ்.எல்.வி. மீது! கோள் புதிது, தோள் பழையது.

இரண்டு ஏவல், நடுவானில் சந்திப்பு என்பது எளிய காரியமல்ல என்று எதிர்வாதம் வரும். உண்மை. முதற்கலம் காத்திருக்கும்போது குளிர் எரிபொருள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கலம் நாள் தவறாமல் கிளம்ப வேண்டும். ஏவுமேடைகள் தயாராக இருக்க வேண்டும். வண்டி மாறும் இடத்தில் இரு வண்டியும் வந்து நிற்காவிட்டால் என்னாகும் என்று வண்டலூர்-கிளாம்பாக்கத்துப் பயணியைக் கேளுங்கள்! 2023 டிசம்பரில் பேருந்து நிலையம் திறந்தது. ரயில் நிலையம் கூடவே வரவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மக்கள் பட்ட பாடு இப்பக்கத்தார் அறிவர். (யார் தாமதித்தது என்ற வழக்கை வேறொரு நாள் பேசுவோம்.) விண்ணில் மூட்டையோடு நடக்க முடியாது. எனினும், சந்திப்புத் தவறினால் வீரன் திரும்பி வரலாம். சோதிக்காத ராக்கெட் தவறினால் திரும்பி வர ஆளிருக்காது.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. புதியது வருகிறது, வருகிறது என்று சொல்லிச் சொல்லியே பழையதன் பட்டறையை மூடிவிடுவார்களே, அதற்கு! கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்றாம் நிறுத்தம் மறைமலைநகர். அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. இயந்திரங்கள் துணி போர்த்திக் காத்திருக்கும், தொழிலாளி காத்திருப்பானா? அவன் பிழைப்புத் தேடித் திசைக்கொருவனாய்ப் போனான். பிறகு ஆலையை மீண்டும் இயக்குவோம் என்று கம்பெனி சொல்லும்போது, கட்டடம் அங்கேயே நிற்கிறது, கைகள் அங்கே இல்லை. அமெரிக்கருக்கும் அதே கதை. சாட்டர்ன்-5 வரைபடங்கள் இருந்தன; அதை ஒட்டியும் உருக்கியும் பழகிய கைகள் ஓய்வுபெற்றுப் போயின. 1972 டிசம்பருக்குப் பிறகு நிலவில் எவரும் கால் வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுபுறம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தைப் பாருங்கள். புதிய வேக ஈனுலையைக் கட்டத் தொடங்கியது 2004-இல். உலையின் கருப்பகுதியை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். இருபது ஆண்டு! புதியது வரும் என்று சொல்லி, 1980-களில் எழுந்த கனநீர் உலைகளை அன்றே இழுத்து மூடியிருந்தால் விளக்கெரிந்திருக்குமா? மூடவில்லை, அதுதான் அறிவுடைமை.

ஆதலால் ஒன்றிய அரசிடம் நாம் கேட்பது: அடுத்த தலைமுறை ஏவுகலம் பறக்கத் தொடங்கிய அன்றே எல்.வி.எம்.3-க்கு மாலை போட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பாதீர். மனிதரை ஏற்றும் அதன் உற்பத்தி வரிசை 2040 தாண்டியும் ஓடட்டும். அதன் நடுக்கட்டத்தை மாற்றி மண்ணெண்ணெய் எரிக்கும் இயந்திரம் பூட்டத் திட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் மகேந்திரகிரியில் அதன் தலைப்பகுதியை இரண்டரை வினாடி எரித்தும் பார்த்தாயிற்று. நன்று. ஆனால் நடுக்கட்டம் மாறினால் அது பழைய எல்.வி.எம்.3 அல்ல, அதுவும் செயற்கைக்கோள்களைப் பலமுறை சுமந்து தேறிய பிறகே ஆளை ஏற்றட்டும். நிலவிலிருந்து திரும்பும் கூண்டு ஆளில்லாமல் போய், அதே 11 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, கவசம் கருகாமல் கடலில் இறங்கிக் காட்டட்டும்.

மேடை வேண்டும். பல இயந்திரங்களைக் கொத்தாகக் கட்டி முழுக் கட்டமாகத் தரையில் எரிக்கும் மேடை, என்-1 கட்டியவர்கள் கட்டாமல் விட்ட மேடை. குலசேகரன்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்துத் தந்தது தமிழ்நாடு; மகேந்திரகிரி மலையடிவாரத்தைத் தந்ததும் தமிழ்நாடு. தந்தவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. நிலவு ஏவுகலத்தின் அடிக்கட்டத்தை எந்த மேடையில் எரிப்பீர், அந்த மேடைக்கு எத்தனை கோடி, எந்த ஆண்டில் என்பதை அடுத்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத்திலேயே நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும். கலத்துக்குச் சூட்டப்போகும் வடமொழிப் பெயரை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்வோம்.